பழைய புரோகிராமுக்குப் புதிய கை



சான்றிதழில் உங்க பேர்ல ஒரு கொம்பு இடம் மாறினா என்ன ஆகும்? வங்கி, பள்ளி, பாஸ்போர்ட் என்று போகிற இடமெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் கொம்பைக் காப்பாற்றும் ஒரு தொழில்நுட்பம் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-ல். அதில் எழுதிய புரோகிராம்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன. ஆனால் அந்தக் காலத் தமிழ்த் தரவு வேறு மாதிரி. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் குறியாக்கங்களை ஏற்றது. 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. ‘கொடி’ என்ற சொல்லைப் பழைய முறை கண்ணில் படும் வரிசையில் சேமிக்கும்: முதலில் கொம்பு, அப்புறம் ‘க’, அப்புறம் கால். யூனிகோடிலோ ‘க’தான் முதலில், உயிர்க்குறி அதன் பின்னால்தான். எனவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருத்த வேண்டும்.

இந்த மாற்றியை டாட் நெட்டில் எழுதலாம். பழைய புரோகிராமைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதிலிருந்தே இதை அழைக்கலாம். விபி6-க்குத் தெரிந்தது ‘காம்’ முறை மட்டும். டாட் நெட் ஃப்ரேம்வொர்க், ‘காம் காலபிள் ராப்பர்’ என்ற உறையை நடுவில் வைத்து இரண்டையும் பேச வைக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. கிளாஸ் பப்ளிக்காகவும் காம்விசிபிளாகவும் இருக்கட்டும். அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் கட்டாயம்.

2. ‘ரெஜாஸ்ம்’ கருவியால் பதிவு செய்யுங்கள். விபி6 32 பிட் என்பதால், 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் ரெஜாஸ்ம்தான் வேண்டும். இது தவறினால் பிழை 429 வந்து நிற்கும்.

3. விபி6-ன் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸ் யூனிகோடு தமிழைக் கேள்விக்குறிகளாகத்தான் காட்டும். அங்கிருந்து எடுத்துச் சேமித்தால் பேரே போய்விடும்! தரவுத்தளத்தில் எழுதும் வேலையையும் டாட் நெட் பக்கமே விட்டுவிடுங்கள்.

4. டாட் நெட் பக்கப் பிழை, விபி6-க்கு ‘எர்’ வழியாக வரும். ‘ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்’ போட்டிருந்தால் அது சத்தமில்லாமல் மறைந்துவிடும். அதை முதலில் எடுங்கள்.

பழைய தரவை அழிக்காமல் ஒரு நகல் வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் சாட்சி.

சேவை பெறும் பொதுமக்களுக்கும் ஒரு வார்த்தை: சான்றிதழை வாங்கியதும், கவுன்ட்டரை விட்டு நகரும் முன்பே பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள். கொம்பு மாறியிருந்தால் அங்கேயே கேளுங்கள். உங்க பேர், உங்க உரிமை.