விடாத பிரேக்கும் ஆபத்துதான்



பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லாரும் பயப்படுகிறார்கள். பிடித்த பிரேக் விடவில்லை என்றால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "கொஞ்சம் இழுவை குறைகிறது, எண்ணெய் கூடுதலாகக் குடிக்கிறது" என்று சமாதானம் சொல்லி ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆனால், விடாத பிரேக்தான் ஒரு நாள் பிடிக்காத பிரேக்காக மாறும்.

காரணம் சூடு. பிரேக் பேட் உரசியபடியே ஓடினால் அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குள் இறங்கும். டோட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நாளடைவில் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது கொதிநிலை 140 பாகை அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

ஜொகூர், குளுவாங் மாவட்டத்தின் பாலோ போன்ற ஊர்களில் இதற்குக் கூடுதல் கவனம் தேவை. செம்பனைக் குலை ஏற்றும் பழைய பிக்-அப் வண்டிகள் தோட்டத்துச் செம்மண் சேற்றில் உழல்பவை. 2023 மார்ச் மாதம் ஜொகூரை வெள்ளம் சூழ்ந்தபோது குளுவாங் மாவட்டமும் பாதிக்கப்பட்டது. சேறும் நீரும் புகுந்தால் காலிப்பர் நகரும் பின்களும் ஹேண்ட் பிரேக் கேபிளும் துருவேறி இறுகிவிடும்.

அறிகுறிகள் என்ன?

சிறு இறக்கத்தில் நியூட்ரலில் விட்டாலும் வண்டி உருளாது. ஒரு பக்கமாக இழுக்கும். கருகிய வாடை வரும். சிறிது தூரம் ஓட்டிவிட்டு இடது, வலது சக்கரங்களின் சூட்டை ஒப்பிட வேண்டும். ரிம்மைத் தொடாமல் புறங்கையை அருகில் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது கோணிவிடக்கூடும்.

எங்கே கோளாறு?

இங்குதான் பலர் தவறு செய்கிறார்கள். உடனே பேட் மாற்றுகிறார்கள். சில வாரங்களில் புதிய பேட்டும் தேய்ந்துவிடுகிறது. பேட் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்ட பொருள். பொருள் வாங்கும் முன் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கால் தூக்கித் தாங்கியில் நிறுத்த வேண்டும். பெடலைச் சில முறை மிதித்து விட்டபின் சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். இலேசான உரசல் இயல்பு. கடினமாக இருந்தால், அந்தச் சக்கரத்தில் காற்று வெளியேற்றும் திருகைச் சற்றே தளர்த்த வேண்டும்.

ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே சுழன்றால் உள்ளே அழுத்தம் தங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியும் சுழலாவிட்டால் காலிப்பர் பிஸ்டன், பின்கள் அல்லது பின்சக்கர ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகியிருக்கிறது.

அழுத்தம் தங்கியிருந்தால் அடுத்த சோதனை. திருகை மூடி, மீண்டும் மிதித்து, ரப்பர் ஹோஸின் மேல்முனையில் உள்ள இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்த வேண்டும். சக்கரம் விடுபட்டால் கோளாறு மேலே இருக்கிறது. விடுபடாவிட்டால் ஹோஸ்தான் காரணம். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் விசை ஆயிலை உள்ளே தள்ளிவிடும். திரும்பி வர அந்த வழி விடாது.

எல்லாச் சக்கரங்களும் இறுகினால் பெடலையே முதலில் பார்க்க வேண்டும். பிரேக் விளக்கு சுவிட்ச் பெடலை முழுதாகத் திரும்ப விடாமல் தடுக்கலாம். புஷ் ராட் நீளம் கூடியிருக்கலாம். இவை இரண்டும் சரியாக இருந்தால் மாஸ்டர் சிலிண்டர்.

இன்னொரு காரணமும் உண்டு. யாரோ தெரியாமல் இஞ்சின் ஆயிலையோ பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ தொட்டியில் ஊற்றியிருப்பார்கள். இதில் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். தொட்டி ஆயிலில் சில துளிகளைத் தண்ணீரில் விட்டால் தெரியும். சாதாரண பிரேக் ஆயில் கரைந்துவிடும். கனிம எண்ணெய் மிதக்கும். அப்படி மிதந்தால் ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றுவதே வழி.

இணைப்புகளைத் தளர்த்தும் வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. வேலை முடிந்ததும் குழாயிலுள்ள காற்றை நீக்க வேண்டும். ஒரு பக்க ஹோஸை மாற்றினால் அதே அச்சின் மறுபக்கத்தையும் மாற்றுவது நல்லது.

பட்டறைக்குப் போகும் வாகன உரிமையாளர் "பேட் மாற்றுங்கள்" என்று சொல்ல வேண்டாம். "அழுத்தம் எங்கே தங்குகிறது என்று பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் பணத்தை மிச்சப்படுத்தும். பாரத்தோடு இறக்கத்தில் வரும் நாளில் உயிரையும் காக்கும்.