கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும் செடி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் இரத்த அழுத்தத்தில்தான் தொடங்குவார் என நினைத்திருப்பீர்கள். நான் ஒரு பூச்சாடிச் செடியில் தொடங்குகிறேன். இரத்த அழுத்தம் பின்னால் வரும்.

தாய்லாந்துத் துளசி எமக்கு அந்நியமான செடி அல்ல. பலூடாவில் மிதக்கும் கசகசா, திருநீற்றுப்பச்சையின் விதை. அதே இனத்தின் ஒரு வகைதான் இது. ஊதாத் தண்டு, கூரிய இலை, பெருஞ்சீரகத்தை நினைவூட்டும் மணம். முற்றத்தில் வைத்துக் கும்பிடும் துளசி வேறு இனம். அதைக் கிள்ளத் தயங்குவோம். இதைக் கிள்ளத்தான் வேண்டும்.

அடியில் துவாரமுள்ள சாடியில் மண்ணும் மக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். விதையை மேலாகத் தூவி, மெல்லிதாக மண் போட்டால் ஒரு வாரமளவில் முளைக்கும். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் போதும். சித்திரை வெயிலில் நண்பகலில் சற்று நிழல் கொடுங்கள்; மாரியில் வேர் அழுகாதபடி நீர் வடியவிடுங்கள்.

செடி ஒரு சாண் உயர்ந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். அடியிலுள்ள பெரிய இலைகளைப் பிடுங்குவதே பலரின் பழக்கம். அப்படிச் செய்தால் செடி நெடுத்து மெலியும். ஒரு சோடி இலைக்குச் சற்று மேலே தண்டை வெட்டினால், அந்த இரண்டு இலைக் கணுக்களிலும் புதுக் கிளைகள் வரும். பூங்கதிர் தெரிந்தவுடன் அகற்றுங்கள். பூத்தால் புது இலை குறைந்துவிடும். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்கவேண்டாம்.

வாரம் ஒரு முறை பறிக்கும் அதே நாளில் சாடிக்குக் கீழுள்ள தட்டையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஒரு வாரமே போதும். அதன் முட்டைகள் ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். தட்டே இல்லாமல் வைப்பது இன்னும் நல்லது.

இனி இரத்த அழுத்தத்துக்கு வருவோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேரவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. "உப்பில்லாமல் எப்படி டொக்டர் வாயில் வைப்பது?" என்ற கேள்வி கிளினிக்கில் நாளாந்தம் வரும். மணமும் புளிப்பும் இருந்தால் நாக்கு உப்பை அவ்வளவாகத் தேடாது. மீன் சொதியையோ கோழிக்கறியையோ இறக்கும்போது பத்து இலை கிள்ளிப் போட்டு, தேசிக்காய் பிழியுங்கள். உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள். சோயா சோஸைத் தாராளமாக ஊற்றினால் குறைத்த உப்பு அந்த வழியால் திரும்பி வந்துவிடும்.

பறித்த தண்டுகளைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் கறுத்துவிடும். குசினி மேசையில் தண்ணீர்க் குவளையில் வைத்து, தண்ணீரை நாளாந்தம் மாற்றுங்கள். சில தண்டுகள் அதிலேயே வேர்விடும்.

வாசலில் வேர்விட்ட தண்டுகள் வைத்திருக்கிறேன். ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். கடல் கடந்து வாழும் சகோதரிகளே, உங்கள் ஊர் ஆசியக் கடையில் ஒரு கட்டு வாங்கி, நல்ல தண்டொன்றைத் தண்ணீரில் வையுங்கள். குளிர்காலத்தில் வெயில் படும் யன்னலோரம் அதற்கு இடம் கொடுங்கள். வளர்ந்ததும் ஒரு தண்டை இன்னொருத்திக்குக் கொடுங்கள்.