கிடைத்ததில் சற்றே நில்லுங்கள்



மகன் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய செய்தியோடு வீட்டுக்குள் ஓடி வருகிறான். "அல்ஹம்துலில்லாஹ்" என்கிறோம், அடுத்த மூச்சிலேயே, "எந்தக் கல்லூரி?" என்று கேட்கிறோம். அவன் முகம் வாடுவதை நாம் கவனிப்பதில்லை.

நபி (ஸல்) அவர்களை வெளியேற்றிய மக்கா, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் (கி.பி. 630) அவர்கள் வசமாயிற்று. அன்று முற்பகலில் உம்மு ஹானி (ரலி) அவர்களின் இல்லத்தில் நபியவர்கள் குளித்து, எட்டு ரக்அத்துகள் தொழுதார்கள். அது வெற்றிக்கு நன்றி கூறிய தொழுகை என்போர் அறிஞர்களில் உண்டு. சில வாரங்களிலேயே ஹுனைன் போர் காத்திருந்தது. ஆயினும் அந்த முற்பகல் மக்கா வெற்றிக்கே உரியதாயிற்று.

நம் பிள்ளைக்கு ஒரு முற்பகலும் இல்லையா? அவனை அருகில் அமர்த்தி, எப்படிப் படித்தான் எனக் கேளுங்கள். அவனோடு சேர்ந்து ஷுக்ருடைய ஸஜ்தா செய்யுங்கள். கல்லூரி விண்ணப்பத்தை நாளை எடுத்துக்கொள்ளலாம்.