மறந்தவரை மறவாதான்
(திருக்கோயில் விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொங்கு நாட்டிலே காவிரிக் கரையில் திருப்பாண்டிக் கொடுமுடி என்னும் திருத்தலம் உள்ளது. அங்கே சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய பதிகம் ஏழாம் திருமுறையில் அமைந்துள்ளது. "பெருமானே, நான் உன்னை மறந்துவிடினும் என் நாவானது திருவைந்தெழுத்தை ஓதிக்கொண்டிருக்கும்" என்பது அதன் உட்கருத்து. நெஞ்சு வேறு, நா வேறு என நாயனார் பிரித்தருளியது வெறும் சொல்நயமன்று. முதியோர் வாழும் இல்லங்களில் அது கண்கூடு.

"தொண்ணூறு வயதான என் தாய், என்னையே யாரென்று வினவுகிறாள். இறைவன் திருநாமமும் மறந்துபோயிற்று. அவள் கதி யாதாகும்?" என்று திருக்கோயில் மண்டபங்களிலே கண்கலங்கிக் கேட்போர் உளர். அவர்கட்கே இவ்வுரை.

இது முன்வினையுமன்று, பேய்க்கோளாறுமன்று. மூளையைப் பற்றும் நோய். இதன் முதன்மையான வகையை 1906ஆம் ஆண்டில் செர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்தார். நம் நாட்டில் அறுபதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோய் உடையவர் என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வயது ஏற ஏற இது மிகும். முதுமையில் மறதி இயல்புதானே என்று வாளாவிருத்தல் தகாது. தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை ஆகியவற்றாலும் மறதி தோன்றும், அவற்றுக்கு மருந்துண்டு. ஆதலின் முதற்கண் மருத்துவரிடம் காட்டுக.

இந்நோயில் அண்மை நினைவே பெரும்பாலும் முதலில் அழியும். காலையில் உண்டதை மறந்த மூதாட்டி, இளமையில் நெட்டுருச் செய்த பதிகத்தை அடி பிறழாமல் பாடுவதுண்டு. அந்நேரம், "இது நினைவிருக்கிறது, பெற்ற பிள்ளையை நினைவில்லையா?" என்று கடிந்துரைப்போரும் உளர். வேண்டா, ஐயா! அவர் வேண்டுமென்றே மறக்கவில்லை.

பின்னர் நாவும் ஓய்கிறது. அப்பொழுது என் செய்வது? பெரியாழ்வார் திருவரங்கத்துப் பெருமானிடம், இறுதி வேளையில் நினைக்க இயலாதென்று அஞ்சி, நலமாக உள்ளபோதே விண்ணப்பித்து வைத்தார். வராகப் பெருமாள் நிலமகளுக்கு அளித்த வாக்கோ இன்னும் உயர்ந்தது. உடலும் உள்ளமும் நலமுற்றிருந்த காலத்தில் தன்னை எண்ணிய அடியவன், கட்டையென, கல்லெனக் கிடக்குங்கால் அவனைத் தானே நினைப்பதாக எம்பெருமான் உரைத்தான். ஆகவே உம் தாய் அன்று ஏற்றிய விளக்கெல்லாம் கணக்கில் உள்ளன. கவலை ஒழிக.

கவலைப்பட வேண்டுவது பிறிதொன்று. இந்நோய் முற்றினால் விழுங்கும் ஆற்றலும் குன்றும். உணவும் நீரும் வழிதவறி மூச்சுக்குழலுள் புகுந்து, நுரையீரலில் சளிக்காய்ச்சல் கண்டு உயிர் பிரிதல் பலர்க்கும் நேர்வதுண்டு. அந்நிலையில் உற்றார் ஒவ்வொருவராக வந்து, வாயிலே பாலும் கங்கைநீரும் ஊற்றும் வழக்கம் நம்மிடை உண்டு. அன்பினால் செய்வதே, ஆயினும் மூச்சுத் திணறி அம்முதியவர் படும் வேதனையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். துறவியர்க்கும் அறிஞர்க்கும் ஒவ்வாத சடங்கென்று நான் சொல்ல வரவில்லை. தூய பஞ்சைத் தீர்த்தத்தில் நனைத்துப் பிழிந்து உதட்டில் ஒற்றினால் போதும், சடங்கும் நிறைவேறும். ஊற்றவேண்டும் என்று உறவினர் வற்புறுத்தினால், அவர் கையில் அப்பஞ்சையே கொடுங்கள். அருகிருப்போர், அவர் முன்பு பாடிய பாடலை அவர் செவியருகே மெல்லப் பாடுக.