நோய்க்குச் சாட்சி சொல்லப் படித்தவர்கள் வேண்டும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகள், இளைஞர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம் பேசவேண்டிய மேடையில் பல்கலைக்கழகப் பட்டப்படிப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இருபது வருஷம் கூடை சுமந்த அம்மாவுக்கு இடுப்பும் முழங்காலும் போய்விடுகிறது. டிஸ்பென்சரியில் கிடைப்பது இரண்டு பனடோலும் "வயசாகிவிட்டது" என்ற ஒரு வார்த்தையும். நட்டஈடு கேட்டுப் போனால், வேலையால்தான் இந்த நோய் வந்தது என்று எழுத்தில் காட்டச் சொல்கிறார்கள். நட்டஈட்டுச் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளை உருவாக்குகிற படிப்புக்குப் பெயர் தொழில்சார் சுகாதாரம். இத்தாலியில் ரமசீனி என்றொரு வைத்தியர் இருந்தார். மலக்குழி துப்புரவு செய்பவர்களின் கண் கெட்டுப்போவதைப் பார்த்துத்தான் அவருக்கு இதில் அக்கறை வந்தது. 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். நோயாளியிடம் "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்கவேண்டும் என்று வைத்தியர்களுக்குச் சொன்னவர் அவர். முந்நூறு வருஷம் போய்விட்டது. நம்மிடம் அதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்?

இப்படிப்பட்ட படிப்பைத் தொடங்குவது பெரிய காரியமல்ல, நிலைக்க வைப்பதுதான் கஷ்டம். அமெரிக்காவில் 1970இல் வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்திலேயே, இதற்குப் படித்த ஆட்களைப் போதிய அளவு உருவாக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அதனால் 1977 முதல் பல்கலைக்கழகங்களில் பயிற்சி மையங்கள் வந்தன. வைத்தியர், தாதி, பாதுகாப்பு அலுவலர், தூசையும் சத்தத்தையும் அளப்பவர் என்று எல்லோரும் அங்கே படிக்கிறார்கள். மாணவருக்கு உதவிப் பணமும் உண்டு. ஆனால் 2025 ஏப்ரலில், அந்த மையங்களுக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்தின் ஊழியர் பெரும்பாலோருக்கு வேலைநீக்க அறிவித்தல் போனது. அரசாங்கத்தின் பணத்தை மட்டும் நம்பிய படிப்பு ஒரே கையெழுத்தில் ஆடிப்போகும். அங்கேயும் இதற்காகக் குரல் கொடுத்தவர்களில் தொழிற்சங்கங்கள் இருந்தன.

நமது நாட்டில் 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி இதற்கென்று தேசிய நிறுவகம் ஒன்று அமைக்கப்பட்டது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் உண்டு. அது தேயிலைத் தொழிற்சாலைக்குள் வரும், மலைக்கு ஏறாது. குளவி கொட்டுவது, பள்ளத்தில் வழுக்கி விழுவது, மருந்து அடிப்பவரின் தோல் உரிவது எல்லாமே மலையில்தான்! மலசலகூடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே கொழுந்தெடுக்கும் பெண்களுக்குச் சிறுநீர்த் தொல்லை வருவதும் அங்கேதான். இதெல்லாம் பாடத்தில் வரவேண்டும். மலையைப் பார்க்காமல் பட்டம் வாங்கியவர் நமக்கு எதற்கு?

ஆகவே இந்தப் படிப்புக்கு நாம் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது: மாணவர் வந்து பழகுவதற்கு இடம். உருளை ஓடும் அறையின் சத்தத்தை அவர்கள் அளக்கட்டும். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது அமெரிக்க நிறுவனம் வைத்திருக்கும் எல்லை. சலிக்கும் அறையில் தூசு அளக்கட்டும், கூடையை நிறுக்கட்டும். துரைமார் கதவு திறக்காவிட்டால், திறக்கச் சொல்வது சங்கத்தின் வேலை.

படித்து வெளியே வருபவருக்கு உத்தியோகமும் வேண்டும். வேலை கிடைக்காது என்று தெரிந்தால் அடுத்த வருஷமே வகுப்பு காலியாகிவிடும். கம்பனிகளோடு பேசும்போது, தோட்டங்களுக்குத் தகுதி பெற்ற சுகாதார, பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்பதை நாம் கோரிக்கையில் சேர்க்கவேண்டும். லயத்துப் பிள்ளைகள் அந்த வேலைக்கு வரவேண்டுமானால் தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கவேண்டும். அது வேறொரு சண்டை, அதையும் விடப்போவதில்லை.

இந்த மாதமே ஒவ்வொரு கமிட்டியும் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குங்கள். திகதி, மலை இலக்கம், யாருக்கு என்ன நடந்தது, என்ன மருந்து கொடுத்தார்கள், எத்தனை நாள் பேர் இல்லாமல் போனது என்று எழுதிவையுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை ஒன்று எந்த லயத்திலும் இருக்கும். குளவிக்கு மட்டும் தனியாக நாலைந்து பக்கம் விடுங்கள்.