செவிலியரின் முதற்பணி
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில் செவிலியர் படிப்பை முடித்து வெளிவரும் நம் பிள்ளைகளுட் பலர், தறிக்கூடத்திலும் வயற்காட்டிலும் உழைக்கும் பெற்றோரின் மக்கள். அக்குடும்பங்களில் முதன்முதலாக ஏறிய படிப்பு அது. ஆதலால் முதல் வேலையைக் குறித்து யோசனை கேட்க வீட்டில் ஆளில்லை. அரசு மருத்துவமனைகளில் பல்லாண்டு பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதுபற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்யாதவர், எவ்வளவு படித்திருப்பினும் சட்டப்படி செவிலியராகப் பணிபுரிய இயலாது. "முதலில் சேர்ந்துகொள், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைக்கும் இடத்திற்குப் போகாதீர்கள்.

அடுத்து, கடன். கல்விக் கடன் வாங்கிப் படித்தவர்க்குப் படிப்பு முடிந்து ஓராண்டளவில் தவணை தொடங்கி விடுகிறது. அந்த அச்சத்திலேயே வீட்டுக்கு அருகில் எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதில் நுழைந்து விடுகிறோம். பத்துப் பன்னிரண்டு கட்டில் கொண்ட சிறு மருத்துவமனை, காலையில் பேருந்தேறி மாலையில் திரும்பிவிடலாம், பெற்றோர்க்கும் நிம்மதி. அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அந்த நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை பின்னரே தெரிகிறது.

அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். எய்ம்ஸ் எனப்படும் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகங்களுக்குச் செவிலிய அலுவலர்களைத் தெரிவு செய்ய 2020 முதல் ஒரே பொதுத் தேர்வு நடைபெற்று வருகிறது. பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் பெற்றவர் முன்னனுபவமின்றியே அதனை எழுதலாம். பட்டயப் படிப்பு முடித்தவரோ, 50 கட்டில்களுக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டாண்டு பணிபுரிந்திருத்தல் வேண்டும். நம் பிள்ளைகளுள் பட்டயம் படித்தவர் பலராதலால், இவ்விதி நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண், சிறு மருத்துவமனை ஒன்றில் நான்காண்டு இரவும் பகலும் உழைத்தாள். ஊசி போடுவதில் அவளுக்கு இணையில்லை என்று மருத்துவரே புகழ்ந்தார். ஆயினும் விண்ணப்பத்தில் எழுத அந்த நான்காண்டும் உதவவில்லை. அவ்விரண்டாண்டைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு பெரிய மருத்துவமனையில் கழித்திருந்தால், சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைந்திருப்பினும், அவள் தேர்வு எழுதியிருப்பாள். அத்தேர்வில் பட்டியல் சாதியினர்க்கு 15 விழுக்காடு இடமும், 30 என்னும் வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. உரிமை இருந்தும் வாயில் வரை செல்ல இயலாமற் போவதைவிடக் கொடுமை வேறில்லை.

ஆகவே வேலை கேட்கச் செல்லும்போது சம்பளத்துக்கு முன் கட்டில்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை அரங்கு, பேறுகால வார்டு ஆகியவற்றில் சுழற்சி முறையில் பழகக் கிடைக்குமா என்று கேளுங்கள். நியமன ஆணையும், விலகும்போது முன்னனுபவச் சான்றும் எழுத்தில் தருவார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு எவருக்கும் உரிமையில்லை. நகல் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டுக் கையோடு கொண்டு வாருங்கள்.

ஊதியத்தையும் சொல்லி விடுகிறேன். உச்ச நீதிமன்றத்தின் 2016 சனவரி ஆணையைத் தொடர்ந்து மத்திய அரசு அமைத்த குழு, 200 கட்டிலுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியமும், 50 கட்டிலுக்குக் குறைந்தவை கூட 20,000 ரூபாய்க்குக் குறையாமலும் தரவேண்டும் எனப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டமன்று. அண்டையிலுள்ள கேரளத்தில் செவிலியர் ஒன்றுபட்டுப் போராடி, 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அரசின் அறிவிக்கையிலேயே இடம்பெறச் செய்தனர்.

அரசுப் பணியே வேண்டும் என்போர்க்கும் ஒரு சொல். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே 2015இல் தேர்வெழுதி வென்ற ஆயிரக்கணக்கான செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். இரண்டாண்டில் காலமுறை ஊதியம் என்றிருந்த நம்பிக்கை நிறைவேறாமையால் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். பின்னர் தொகை உயர்ந்தது. நிரந்தரமும் பகுதி பகுதியாகவே வந்தது. இருப்பினும் அத்தேர்வை எழுதுங்கள் என்பதே என் கருத்து. அங்கு இடஒதுக்கீடு உண்டு. சாதியைக் கேட்டு வேலை பிரிக்கும் துணிவு அங்கு குறைவு.

அதனையும் மறைக்காமல் பேச வேண்டும். 1946இல் போர் குழு அறிக்கை அளித்தபோது இந்தியா முழுமைக்கும் பதிவு பெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேரே. பிறர் உடலைத் தொடுவதும் மலமூத்திரம் எடுப்பதும் தீட்டு என்று உயர்சாதிக் குடும்பங்கள் தம் பெண்களை அனுப்ப மறுத்தமை அதற்கு ஒரு காரணம். நோயாளியைத் துடைத்துச் சுத்தம் செய்வது செவிலியரின் பணிதான். அதில் இழிவில்லை, நானும் அதனைப் பெருமையோடு செய்தவள். ஆனால் ஒரே தகுதியுடைய ஐவர் உள்ள வார்டில் அவ்வேலை நாள்தோறும் நம் பெண் ஒருத்திக்கே வருமாயின், மருந்தும் ஊசியும் மற்றவர் கைக்கே போகுமாயின், அது பயிற்சியன்று. டியூட்டிப் பட்டியலைத் தேதியுடன் எழுதி வைத்துக்கொண்டு செவிலியர் கண்காணிப்பாளரிடம் முறையிடுங்கள். மாறாவிட்டால் வேறிடம் தேடுங்கள்.

அயல்நாடு செல்ல விரும்புவோர் தரகரை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகுங்கள். அங்கும் பெரும்பாலும் முதற்கேள்வி இரண்டாண்டு அனுபவம் பற்றியதே.

பெற்றோர்களே, பெண்ணை வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்கிறீர்கள். அரசு பல நகரங்களில் பணிபுரியும் மகளிர்க்குத் 'தோழி' விடுதிகளை நடத்துகிறது. ஒருமுறை நேரில் சென்று பார்த்து வாருங்கள். சங்கத்தாரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. விடுதி முன்பணமும் முதல் மாதச் சாப்பாட்டுச் செலவும் இல்லாமையாலேயே பெரிய மருத்துவமனையை விட்டுவிட்டு உள்ளூரில் தங்கும் பிள்ளைகள் உளர். வெள்ளி விழா நிதியில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கி, முதற்பணிக்குச் செல்வோர்க்கு வட்டியின்றிக் கடனாகக் கொடுத்து, ஓராண்டில் திரும்பப் பெறலாம். அந்நிதிக்கு என் ஓய்வூதியத்தில் ஒரு மாதத் தொகையை இம்மேடையிலேயே பொருளாளரிடம் அளிக்கிறேன்.