கணக்கில் ஏறாத செலவு

(ஆண்டுப் பொதுக்குழுவில் பேசியது. நான்காவது தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருப்பதால், வராதவர்களும் படிக்கட்டும் என்று செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.)



"பத்தே நிமிஷம், சாப்பாடு ஆறிடும்" என்று சொல்லித்தான் செயலாளர் மைக்கைக் கொடுத்திருக்கிறார். நான்காவது தீர்மானம், நம் எஸ்டிபி ப்ளோயரை இரவு பத்து முதல் காலை ஆறு வரை நிறுத்தி வைப்பது பற்றி. அப்படிச் செய்தால் வீட்டுக்கு மாதம் 180 ரூபாய் மிச்சம் என்று பொருளாளர் காட்டியிருக்கிறார். நானும் கூட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வருகிறது. வங்கியில் இருந்தவனுக்கு அடுத்தவர் கணக்கைக் கூட்டிப் பார்க்கும் புத்தி போகாது, பொருளாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. அதைச் சொல்ல உங்களைத் திருப்பூர் வரை கூட்டிப்போக வேண்டும்.

பி.காமில், தொழிலைப் பாதிக்கும் சூழல்கள் என்று பொருளாதாரம், சமூகம், சட்டம் எல்லாம் படித்தோம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததை, 1990களில் திருப்பூர்க் கிளைக்கு மாற்றலாகிப் போனபோதுதான் கண்ணால் பார்த்தேன். 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஏறத்தாழ 21 ரூபாயாக இருந்த டாலர் 26 ரூபாய் ஆனது. பனியன் ஏற்றுமதி செய்தவருக்கு ஒரு துண்டுகூடக் கூடுதலாகத் தைக்காமல் டாலருக்கு ஐந்து ரூபாய் கூடுதலாக வந்தது. ஊர் பற்றிக்கொண்டது. மழை பொய்த்த தோட்டத்தை விற்றுவிட்டு வந்தவர்கள், கூலிக்கு வந்து பங்குதாரர் ஆனவர்கள், மாமன் மச்சான் பணம் போட்டுத் தொடங்கிய கம்பெனிகள் என்று எங்கள் அட்வான்ஸ் செக்‌ஷனில் பேக்கிங் கிரெடிட் ஃபைல்கள் மேஜைக்குக் கீழேயும் அடுக்கிக் கிடந்தன.

பனியனுக்குச் சாயம் ஏற்ற உப்பு வேண்டும், நிறைய வேண்டும். சாயம் நூலில் ஏறுவதற்கு உதவுவதோடு உப்பின் வேலை முடிந்தது. அது துணியில் தங்காது, தண்ணீரோடு வெளியே போகும். சாதாரண சுத்திகரிப்பில் நிறத்தை எடுக்கலாம், கரைந்த உப்பை எடுக்க முடியாது. அதற்குத் தனி இயந்திரம், தனிச் செலவு. வெளிநாட்டு வியாபாரி சென்ட் கணக்கில் விலை பேசுகிறான். ஒரு பட்டறைக்காரர் மட்டும் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பலர் நல்ல மனிதர்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். எல்லோருமாகச் சேர்ந்து நொய்யலில் விட்டார்கள், அவ்வளவுதான். மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை ஃபைலில் இருக்கிறதா என்று டிக் அடிப்பது என் வேலை. நானும் டிக் அடித்தேன்.

அதே கிளையில் நகைக்கடன் கவுண்டரும் இருந்தது. திருப்பூருக்குக் கிழக்கே ஆற்றோரத்து ஊரிலிருந்து ஒரு விவசாயி வருவார். ஒருநாள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "ஏனுங்க சார், எங்க கிணத்துத் தண்ணி இது. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. தென்னை குலை தள்ளறதில்லீங்க, மாடுகூட மூஞ்சியத் திருப்பிக்குது" என்றார். நான் குடிக்கவில்லை. வட்டி கட்ட இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டுத்தான் வந்திருந்தார். மேனேஜரிடம் சொல்லி மூன்று மாதம் வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. ஏல நோட்டீஸை டைப் செய்தவன் நான்தான். இரண்டு பவுன் சங்கிலி, ஒரு ஜோடி கம்மல்.

ஒரே கட்டடம், ஒரே பேரேடு. பட்டறைக்காரர் கணக்கில் லாபம் ஏறிக்கொண்டிருந்தது, இவர் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் செய்ய வேண்டிய செலவு இவர் பக்கத்தில் பற்று எழுதப்படுகிறது என்று எந்த ஆடிட்டரும் எழுதவில்லை. எனக்கே அது புரிய வெகு காலம் ஆயிற்று.

1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே பாசனத்துக்காக அணை கட்டினார்கள். தேங்கியது சாயக்கழிவு. அணையைத் திறக்காதீர்கள் என்று கீழே இருந்த விவசாயிகளே கெஞ்ச வேண்டி வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று விவசாயி சொன்ன அணையை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக் கூடாது என்று 2006இல் உயர் நீதிமன்றம் கெடு வைத்தது. கெடு தாண்டிக்கொண்டே போனது. 2011 ஜனவரியில் எல்லாப் பட்டறைகளையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிட்டது. ஒரே உத்தரவில் 700க்கு மேற்பட்ட சாய, சலவைப்பட்டறைகள் நின்றன. துணியைச் சாயமேற்ற வெளி மாநிலங்களுக்கு லாரியில் அனுப்பினார்கள். வேலை போனவர்கள் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். மிச்சம் பிடித்த காசு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது. பிறகு மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. அதில் உங்கள் வரிப்பணமும் என் வரிப்பணமும் உண்டு. கழிவை வடிகட்டி, மிஞ்சுவதைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்பப் பயன்படுத்தும் நிலையங்களோடு பட்டறைகள் மீண்டும் திறந்தன. இன்றும் திருப்பூர் ஏற்றுமதி செய்துகொண்டுதான் இருக்கிறது. முதலிலேயே எல்லோருமாகச் செய்திருக்கலாம்.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். நம் மதில் சுவருக்குப் பின்னால் போகும் வாய்க்கால் நொய்யலில் கலக்கிறது. நொய்யல் கோவையைக் கடந்துதான் திருப்பூர் போகிறது. திருப்பூர்க்காரர்களைப் பற்றி நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுகிறோம், ஆனால் ஆற்றில் அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நாம். தோட்டத்துக்கும் ஃப்ளஷுக்கும் போக மிச்சமாகும் எஸ்டிபி தண்ணீர் அந்த வாய்க்காலில்தான் விழுகிறது.

நான் இன்ஜினியர் இல்லை, ஆகவே நம் ஆபரேட்டர் தம்பியிடம் கேட்டேன். தொட்டியில் கழிவைத் தின்பது பாக்டீரியா, ப்ளோயர் ஊதும் காற்றுதான் அதற்கு மூச்சு. எட்டு மணி நேரம் தினமும் நிறுத்தினால் அது செத்துப்போகும், தண்ணீர் கறுத்து நாறும் என்றார். அப்புறம் அதை வாய்க்காலில் விடுவதைத் தவிர வழியில்லை. அந்த 180 ரூபாய் நமக்கு மிச்சம், கீழே யாரோ ஒருவர் பெயரில் பற்று.

மின்கட்டணம் கூடிவிட்டது உண்மை, ஓய்வூதியத்தில் வாழும் எனக்கும் அது தெரிகிறது. அதனால் வெறுமனே வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்காரவில்லை. நம் ப்ளோயர் கட்டடத்தோடு வந்த பழைய மோட்டார். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதியதற்கு இரண்டு கொட்டேஷன் வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். பி பிளாக்கில் ஒழுகும் ஃப்ளஷ் டாங்குகள் பதினொன்று, நானே போய் எண்ணினேன். அதைச் சரிசெய்தாலே தொட்டிக்கு வரும் தண்ணீர் குறையும், பம்ப் ஓடும் நேரமும் குறையும். எங்கள் வீட்டுடையது பன்னிரண்டாவது, நேற்றுப் ப்ளம்பர் வந்து போனார்.

ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை எஸ்டிபியைப் பாருங்கள். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஆபரேட்டர் தம்பி அங்கே இருப்பார், நானும் இருப்பேன். குழந்தைகளையும் கூட்டி வரலாம். கைக்குட்டை வேண்டியதில்லை, இப்போதைக்கு அங்கே நாற்றம் இல்லை.